கேள்வி - பதில்: ஒட்டி நிற்கும் குரோமோசோம்கள்

குரோமோசோம் பரிசோதனைக் கூடத்தில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தே என் வேலைக்காலம் முழுவதும் போனது. ஓய்வுக்குப் பிறகு தர்மபுரியில் இருந்துகொண்டு இந்தப் பகுதியை எழுதுகிறேன். போன இதழில் டவுன் சிண்ட்ரோம் பற்றி எழுதியதும், தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் நூல்களான குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டுவது பரம்பரையாக வருவதா, குடிக்கிற தண்ணீராலும் அடிக்கிற மருந்தாலும் வருவதா என்பதுதான் பலருடைய கேள்வி. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை நானே எடுத்துவிட்டேன்.

கேள்வி: மேடம், என் மகனுக்கு இரண்டரை வயது. டவுன் சிண்ட்ரோம் என்றார்கள். அவனுக்கும் எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில், எனக்கு 45 குரோமோசோம்தான் இருக்கிறது, 14-ம் 21-ம் ஒட்டியிருக்கிறது என்று வந்திருக்கிறது. ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், யாரும் விளக்கவில்லை. "ஒண்ணு குறைஞ்சவளை நம்ம தலையில கட்டிட்டாங்க" என்று மாமியார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். எனக்கு என்ன நோய்? இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?
— வாசகி, பாலக்கோடு

பதில்: தங்கச்சி, உங்களுக்கு எந்த நோயும் இல்லை. உங்களிடம் எதுவும் குறையவும் இல்லை. எண்ணிப் பார்த்தால் 45 வரும், ஆனால் உள்ளே இருக்க வேண்டிய சரக்கு முழுசாக இருக்கிறது. அது எப்படி என்று சொல்கிறேன், மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

மனிதருக்கு 46 குரோமோசோம், அதாவது 23 ஜோடி. அவற்றில் 13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்து ஜோடிகள் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. இவற்றின் ஒரு பக்கக் கை நீளமாக இருக்கும், மறுபக்கக் கை வெறும் மொட்டுதான். அந்த மொட்டில் முக்கியமாக இருப்பது செல்லுக்குப் புரதம் செய்துதரும் ரைபோசோம்களின் தயாரிப்புக்கு வேண்டிய மரபணுக்கள். ஒரே மரபணுவின் பிரதிகள் இந்தப் பத்துக் குரோமோசோம்களிலும் பரவிக் கிடக்கின்றன. அதனால் ஒரு 14-ம் ஒரு 21-ம் மொட்டுப் பக்கமாக ஒட்டி, அந்த இரண்டு மொட்டுகளும் தொலைந்துபோனாலும், மீதி எட்டு வேலையைப் பார்த்துக்கொள்ளும். இதற்கு ராபர்ட்சோனியன் டிரான்ஸ்லொகேஷன் என்று பெயர். ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒருவரிடம் இது இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் நம் இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து சுமார் 34 லட்சம் பேர். அந்த விகிதத்தில் பார்த்தால் மூவாயிரம் பேருக்கு மேல் உங்களைப் போல் 45-ஓடு நடமாடிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

இந்த ஐந்து ஜோடி மட்டும் ஏன் ஒட்டுகிறது? செல்லுக்குள் நியூக்ளியோலஸ் என்று ஓர் இடம் இருக்கிறது, ரைபோசோம் தயாராவது அங்கேதான். தண்ணீர் விடும் நேரத்தில் ஐந்து தெருக்காரர்களும் ஒரே குழாயடியில் கூடுகிற மாதிரி, இந்தப் பத்துக் குரோமோசோம்களும் தங்கள் மொட்டுகளை அங்கே கொண்டுவந்து வைக்கின்றன. நாளெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், எப்போதாவது டி.என்.ஏ அறுந்து மறுபடி சேரும்போது ஆள் மாறிச் சேர்ந்துவிட வாய்ப்பு உண்டு. உங்கள் உடம்பில் அது நீங்கள் கருவாக உருவான அன்றே நடந்துவிட்ட காரியம். உங்கள் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ அப்படியே வந்திருக்கலாம், இல்லையென்றால் அவர்களின் விந்திலோ முட்டையிலோ புதிதாக நேர்ந்திருக்கலாம். நீங்கள் சாப்பிட்டதும் செய்ததும் இதற்குக் காரணம் இல்லை.

மகனுக்கு நேர்ந்தது இதுதான்: உங்களிடமிருந்து ஒட்டிய 14-21 ஒன்றும் தனி 21 ஒன்றும் போயிருக்கிறது, அப்பாவிடமிருந்து வழக்கம்போல் ஒரு 21. ஆக 21-இன் சரக்கு மூன்று பங்காகிவிட்டது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் 100-க்கு 95 பேருக்கு மூன்றாவது 21 தனியாக நிற்கும், அதற்கும் பெற்றோரின் குரோமோசோமுக்கும் பெரும்பாலும் தொடர்பு இருக்காது. 3, 4 பேருக்கு மட்டும்தான் உங்கள் மகனுக்குப் போல் ஒட்டிய நிலையில் இருக்கும்.

அடுத்த குழந்தை பற்றி. தாய்க்கு 14-21 ஒட்டு இருந்தால், டவுன் சிண்ட்ரோமோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு 100-க்கு 10 முதல் 15 வரை. அப்படியானால் 85-க்கு மேல் நல்லபடியாகவே பிறக்கும். அதில் சில குழந்தைகள் 46-ஓடும், சில உங்களைப் போல் 45-ஓடும் இருக்கும், இரண்டும் ஆரோக்கியம்தான். இதே ஒட்டு அப்பாவுக்கு இருந்தால் அந்த 10, 15 என்பது 1, 2 அளவுக்குக் குறைந்துவிடுகிறது. கரு கலைகிற வாய்ப்பும் கொஞ்சம் உண்டு. பெற்றுக்கொள்ளலாமா என்றால், தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம். நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மரபியல் ஆலோசனை தரும் மருத்துவரைப் பாருங்கள். 11-லிருந்து 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கலாம், 16 வாரம் வாக்கில் பனிக்குட நீரைப் பார்க்கலாம். இரண்டிலும் கரு கலைய மிகச் சிறிய வாய்ப்பு உண்டு, அதையும் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். சோதனை வேண்டாம், எது வந்தாலும் வளர்ப்போம் என்று நீங்கள் தீர்மானித்தால் அதுவும் சரியான தீர்மானம்தான். அதை மாமியார் எடுக்கக் கூடாது, நானும் எடுக்கக் கூடாது.

இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: இந்தச் சோதனையில் ஆணா பெண்ணா என்பது கூடத்துக்குத் தெரிந்துவிடும். அதைச் சொல்வதும் கேட்பதும் 1994-ம் வருஷச் சட்டப்படி குற்றம். தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட மாவட்டம் நம்முடையது. யாராவது ஜாடை காட்டிக் கேட்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

மகனை விட்டுவிடாதீர்கள். இதயத்துக்கு எக்கோ, தைராய்டு, காது கேட்கும் திறன், மூன்றையும் பார்த்தாயிற்றா? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். பேச்சுப் பயிற்சியும் இயன்முறைப் பயிற்சியும் இந்த வயதில் தொடங்கினால் நல்ல பலன் தெரியும். அடுத்த முறை போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் எதிரே உட்கார்ந்து, "உங்க மருமகளுக்கு ஒரு குறையும் இல்லைம்மா" என்று சொல்லிக் கேட்டால் அதற்கு இருக்கும் மதிப்பே தனி. நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் விலங்கியல் முதுகலை படிக்கிறேன். பயிற்சிக்குப் போன இடத்தில் என் ரத்தத்திலும் நண்பன் ரத்தத்திலும் குரோமோசோம் ஸ்லைடு போட்டோம். என்னுடையதில் பல செல்களில் நாலைந்து குரோமோசோம்கள் தலையோடு தலை வைத்து வட்டமாக நிற்கின்றன. அவனுடையதில் அவ்வளவு இல்லை. "சாட்டிலைட் அசோசியேஷன், எல்லோருக்கும் இருக்கும்" என்றார் எங்கள் வழிகாட்டி. எல்லோருக்கும் இருக்கும் என்றால் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது? இது மரபா, சூழலா?
— மாணவர், கிருஷ்ணகிரி

பதில்: தம்பி, இவ்வளவு நல்ல கேள்வி வந்து ரொம்ப நாளாயிற்று. இரண்டும்தான். ஆனால் நீங்கள் பார்த்த ஸ்லைடை வைத்து எது எவ்வளவு என்று சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில், பாலக்கோட்டு வாசகிக்குச் சொன்னதும் நீங்கள் பார்த்ததும் ஒன்றில்லை. அவருக்கு இரண்டு குரோமோசோம்கள் நிரந்தரமாக ஒன்றாகிவிட்டன, எந்தச் செல்லை எடுத்தாலும் அப்படித்தான் இருக்கும். உங்களுடையவை பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான். மொட்டின் நுனியைச் சாட்டிலைட் என்பார்கள், உங்கள் வழிகாட்டி சொன்ன பெயர் அதிலிருந்து வந்தது. ஒரு செல்லில் 13-ம் 21-ம் சேர்ந்து நிற்கும், அடுத்த செல்லில் 14-ம் 22-ம் நிற்கும், அதற்கடுத்ததில் எல்லாம் தனித்தனியாக இருக்கும். 1961-ல் ஃபெர்குசன்-ஸ்மித்தும் ஹேண்ட்மேக்கரும் இதைக் கவனித்து எழுதினார்கள். மனிதருக்கு 46 குரோமோசோம் என்று டிஜியோவும் லெவானும் நிறுவியே அப்போது ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. மேலே சொன்ன நியூக்ளியோலஸ், செல் பிரியும்போது கலைந்துவிடுகிறது. ஆனால் அங்கே கூடியிருந்த மொட்டுகள் சட்டென்று விலகுவதில்லை. அந்த மிச்சத்தைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

மரபின் பங்கு இது. ரைபோசோம் மரபணுவின் பிரதிகள் மொத்தம் சில நூறு இருக்கின்றன, ஆளுக்கு ஆள் எண்ணிக்கை மாறும். ஒருவருடைய 21-ல் நிறைய இருக்கும், 15-ல் கொஞ்சம்தான் இருக்கும். இன்னொருவருக்கு நேர் எதிராக இருக்கும். இருக்கிற பிரதிகள் எல்லாமும் வேலை செய்வதும் இல்லை. 1975-ல் குட்பாஸ்சரும் புளூமும் வெள்ளி நைட்ரேட் சாயத்தால் இதைக் காட்ட வழி கண்டுபிடித்தார்கள். செல் பிரியத் தொடங்குமுன் வேலை செய்துகொண்டிருந்த மொட்டுகள் மட்டும் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். பத்தும் கறுப்பது அபூர்வம். பளிச்சென்று கறுக்கிற மொட்டுள்ள குரோமோசோம்கள்தான் அடிக்கடி கூட்டு சேருகின்றன. இந்தக் கறுப்புப் புள்ளிகளின் பாங்கு ஒருவரிடம் பெரும்பாலும் மாறாமல் இருக்கும், அப்பா அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும். ஒரே கருவில் பிறந்த இரட்டையரிடம் அது நன்றாக ஒத்துப்போகும். ஆகவே யார் யாரோடு கூட்டு சேருகிறார்கள் என்பதில் பரம்பரைக்கு நிச்சயமாகக் கை இருக்கிறது.

இனி சூழலின் பங்கு. இதில் கூடத்துக்குள் இருக்கும் சூழலைத்தான் முதலில் பார்க்க வேண்டும், பலரும் தவறுவது இங்கேதான். நீங்கள் போட்ட ஸ்லைடை நினைத்துப் பாருங்கள். பச்சை மூடி டியூபில் ரத்தம் எடுத்து, ராஜ்மா வகை அவரையிலிருந்து எடுத்த, செல்லைப் பிரியத் தூண்டும் பி.எச்.ஏ சேர்த்து, 37 டிகிரியில் 72 மணி நேரம் வளர்த்தீர்கள். கடைசியில் செல் பிரிவதைப் பாதியில் நிறுத்தக் கால்சிசின் ஊற்றினீர்கள். (நம் மாநில மலரான செங்காந்தளிலும் இருப்பது அதே கால்சிசின்தான்.) அப்புறம் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் செல்லை உப்ப வைத்து, மெத்தனாலும் அசெட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று கலந்ததில் நிலைநிறுத்தி, ஸ்லைடில் சொட்டுவிட்டுக் காயவைத்தீர்கள். இதில் ஒவ்வொரு படியிலும் கூட்டு எண்ணிக்கை மாறும். கால்சிசினில் எவ்வளவு நேரம், உப்புக் கரைசலில் எவ்வளவு நேரம், இரண்டும் முக்கியம். நான் வேலை செய்த இடத்தில் சித்திரை வெயிலில் சொட்டு விழுந்ததுமே காய்ந்துவிடும், குரோமோசோம்கள் விரியாமல் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். அப்போது அவை நெருங்கி நிற்கின்றனவா, விரிய நேரமில்லாமல் கிடக்கின்றனவா என்றே பிரிக்க முடியாது. ஐப்பசி மழைக்காலத்தில் அதே கையால் போட்ட ஸ்லைடில் குரோமோசோம்கள் செல்லைவிட்டே ஓடிப்போகும். வெயில் காலத்தில் ஈரத்துணி விரித்த தட்டின்மேல் வைத்துத்தான் காயவைப்போம்.

ஆகவே உங்களுக்கும் நண்பனுக்கும் உள்ள வித்தியாசம் ரத்தத்தினுடையதா, பாட்டிலினுடையதா என்று இப்போது தெரியாது. ஒரே ஆளின் ரத்தத்தை இரண்டு பாட்டிலில் வளர்த்து, அவை இரண்டுக்கும் இடையே எவ்வளவு மாறுகிறது என்று முதலில் பாருங்கள். ஸ்லைடில் பெயர் எழுதாமல் எண் மட்டும் போட்டு, எது யாருடையது என்று தெரியாத ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். எவ்வளவு தூரத்துக்குள் நின்றால் கூட்டு என்று எழுதி வைத்துக்கொண்டு எண்ணுங்கள். இதையெல்லாம் செய்த பிறகும் இரண்டு பேருக்கும் வித்தியாசம் நின்றால் அது ஆளின் வித்தியாசம். அதில் மரபு எவ்வளவு என்று அறிய, ஒரு கரு இரட்டையரையும் இரு கரு இரட்டையரையும் ஒப்பிட வேண்டும். இரண்டு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே சோற்றில் வளர்ந்தவர்கள். ஒரு கரு இரட்டையர் மட்டும் அதிகம் ஒத்துப்போனால் அந்த அதிகப்படி மரபுக்குரியது. ஒரு கரு இரட்டையருக்குள்ளேயே தென்படும் வேறுபாடு மரபால் வந்ததாக இருக்க முடியாது.

உடம்புக்குள் இருக்கும் சூழலுக்கும் பங்கு உண்டு. வயது ஏற ஏற வேலை செய்யும் மொட்டுகள் குறைவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. மரபணுவின்மேல் மீத்தைல் என்ற சின்ன வேதிப்பொருள் ஒட்டினால் அது வாயடைத்துப் போகும், அப்படி அடைபட்ட மொட்டு கூட்டத்துக்கு வருவதும் குறையும்.

வெளிச்சூழலும் நெருக்கமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் செர்னோபில்லைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 1986 விபத்துக்குப் பிறகு அந்தப் பகுதிக் குழந்தைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் பெருகியது. பலருக்கு 10-ம் குரோமோசோமில் ரெட், எச்4 என்ற இரண்டு மரபணுக்கள் அறுந்து மாறி இணைந்திருந்தன. நீட்டி அளந்தால் இரண்டுக்கும் நடுவே கோடிக்கணக்கான டி.என்.ஏ எழுத்துகள் இருக்கின்றன. பிறகு எப்படி இணைந்தன? 2000-ல் நிகிஃபோரோவாவும் கூட்டாளிகளும், நோயில்லாத தைராய்டு செல்களிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் இந்த இரண்டும் அக்கம்பக்கமாக மடிந்து கிடக்கின்றன என்று காட்டினார்கள். ரத்தச் செல்களில் அந்த நெருக்கம் அவ்வளவு இல்லை. அந்த நெருக்கம் தைராய்டு செல்லின் இயல்பு. அறுத்துவிட்டது கதிர்வீச்சு.

உங்கள் மொட்டுக் குரோமோசோம்களுக்கு வருவோம். அவற்றின் குட்டைக் கைகளை யாராலும் முழுசாகப் படிக்க முடியாமலே இருந்தது, எல்லாம் திரும்பத் திரும்ப வரும் எழுத்துகள். 2022-ல்தான் மனித மரபுத்தொகுதி விடுபடாமல் படித்து முடிக்கப்பட்டது. அடுத்த வருஷம் வந்த ஆய்வில், வெவ்வேறு எண்ணுள்ள இந்தக் குரோமோசோம்கள் தங்களுக்குள் டி.என்.ஏவைப் பரிமாறிக்கொண்டே வந்திருக்கின்றன என்பது தெரிந்தது. 13, 14, 21 மூன்றிலும் ஒரே மாதிரித் துண்டு ஒன்று இருக்கிறது, 14-ல் மட்டும் அது திரும்பிக் கிடக்கிறது. 13-14 ஒட்டும் 14-21 ஒட்டும் மற்ற எல்லாவற்றையும்விட ஏன் அதிகம் என்பதற்கு இதுவரை கிடைத்த விளக்கங்களில் இதுதான் எனக்கு மனநிறைவு தருகிறது.

கடைசியாக ஒன்று. கூட்டு அதிகமுள்ள பெற்றோருக்கு டவுன் சிண்ட்ரோம் குழந்தை பிறக்கும் என்று ஒரு காலத்தில் பலர் எழுதினார்கள். 1980-களில் மொட்டு இரட்டையாக உள்ளவர்களைப் பற்றியும் அப்படி எழுதினார்கள். பிறகு செய்து பார்த்தவர்களுக்கு அது நிலையாக வரவில்லை. நீங்கள் ஆய்வேடு எழுதும்போது இதைக் கண்டிப்பாகச் சேருங்கள். உங்கள் ஸ்லைடைப் பார்த்து நீங்களோ வீட்டிலோ பயப்பட ஒன்றும் இல்லை.

கேள்வி: எங்களுக்கு ஐந்து ஏக்கர் மாந்தோப்பு, பெங்களூரா மரங்கள். நானும் மகனும்தான் மருந்து அடிக்கிறோம். மருமகளுக்கு இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. மருந்தால் குரோமோசோம் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.
— விவசாயி, காவேரிப்பட்டணம்

பதில்: ஐயா, மூன்று மாதத்துக்குள் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதியில் குரோமோசோம் எண்ணிக்கை பிசகியிருக்கும். அதில் பெரும்பாலானவை முட்டை உருவாகும்போது தற்செயலாக நேர்பவை. யார் எதை அடித்தாலும் அடிக்காவிட்டாலும் நேரும்.

மருந்து தெளிப்பவர்களின் ரத்தச் செல்களில் குரோமோசோம் முறிவுகள் அதிகம் என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். அது உண்மை, கையுறை போடாமல் கலக்குகிறவர்களிடம் கூடுதல். ஆனால் ரத்தச் செல்லில் விழுந்த முறிவு பிள்ளைக்கு இறங்காது. விந்து புதிதாக உருவாகிவர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். அதனால் குழந்தைக்கு முயற்சி செய்யும் காலத்திலும் அதற்கு மூன்று மாதம் முன்பிருந்தும் மகனை ஸ்பிரேயரைத் தொட விடாதீர்கள். பூ எடுக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிக்கு அடிப்பதை அந்த ஒரு வருஷம் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆளுக்கும் கையுறை, முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். மருந்து பட்ட சட்டை வேட்டியை மருமகள் துவைக்க வேண்டாம், உங்கள் கையால் தனியாக அலசிப் போடுங்கள்.

இரண்டு முறை கலைந்துவிட்டதால் மகன், மருமகள் இருவருக்கும் கேரியோடைப், அதாவது ரத்தத்தில் குரோமோசோம் பரிசோதனை, பார்ப்பது நல்லது. இப்படித் திரும்பத் திரும்பக் கலையும் தம்பதிகளில் 100-க்கு 3 முதல் 5 ஜோடியில் யாராவது ஒருவருக்கு இடம் மாறிய குரோமோசோம் இருக்கும். மருமகளுக்கு மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள்.

கேள்வி: எங்கள் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். எங்கள் தெருவில் டவுன் சிண்ட்ரோம் குழந்தை பிறந்ததற்கு அதுதான் காரணமா?
— பென்னாகரம்

பதில்: அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. ஃபுளோரைடும் குரோமோசோமும் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. ஆனால் பல்லுக்கும் எலும்புக்கும் அது செய்யும் கேடு பற்றி எந்தச் சந்தேகமும் இல்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குழந்தைகளின் பல்லில் காவி படிவதை நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததே இதற்காகத்தான். குடிக்க மட்டுமில்லை, சோறு பொங்கவும் குழம்பு வைக்கவும் காவிரித் தண்ணீரையே எடுங்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு எந்தத் தண்ணீரைக் குடித்தாய் என்று யாரும் விசாரணை வைக்க வேண்டாம்.

கேள்வி: என் கணவர் ரிப்போர்ட்டில் "21 பி.எஸ். பிளஸ்" என்று இருக்கிறது. குழந்தை இல்லாததற்கு இதுதான் காரணம் என்று ஓர் இடத்தில் சொல்லி, பெரிய தொகைக்குச் சிகிச்சை எழுதியிருக்கிறார்கள்.
— அரூர்

பதில்: 21-ம் குரோமோசோமின் மொட்டு கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். மூக்கு நீளம் ஆளுக்கு ஆள் மாறுவதில் நோய் இல்லை, இதிலும் இல்லை. அதைக் காரணம் காட்டி எந்தச் சிகிச்சைக்கும் பணம் கட்டாதீர்கள். வேறு மருத்துவரிடம் விந்துப் பரிசோதனை முதலான அடிப்படைச் சோதனைகளை முடித்துவிட்டு மேலே யோசியுங்கள்.

கேள்வி: அக்கா மகளைக் கட்டியிருக்கிறேன். சொந்தத்தில் கட்டினால் குரோமோசோம் ஒட்டிக்கொள்ளும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
— ஊத்தங்கரை

பதில்: இல்லை. சொந்தத்தில் கட்டுவதால் குரோமோசோம் ஒட்டுவதும் இல்லை, 21 மூன்றாகிவிடுவதும் இல்லை. மூன்றாவது 21-க்கு நாம் அறிந்த பெரிய காரணம் தாயின் வயதுதான். 35 வயதில் ஏறக்குறைய 350-க்கு 1, 40 வயதில் 100-க்கு 1.

சொந்தத் திருமணத்தின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் மரபணுக்களில் நாலில் ஒரு பங்கு பொது. குடும்பத்தில் ஒளிந்திருக்கும் பழுதான மரபணு ஒன்று இருவரிடமும் இருந்தால், அது இரண்டு பக்கமிருந்தும் குழந்தைக்கு வந்து சேரலாம். பிறவிக் காதுகேளாமை, தலசீமியா, சில வளர்சிதைமாற்ற நோய்கள் இப்படி வருகின்றன. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டில் 100-க்கு 28 திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. எனக்கு இது கவலை தரும் எண்.

ஒரு விதிவிலக்கும் உண்டு. குடும்பத்தில் ஏற்கெனவே ஒட்டிய குரோமோசோம் இருந்து, அதே குடும்பத்துக்குள் கட்டினால், இருவரிடமும் அது இருக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே ஒட்டு வந்து, 44 குரோமோசோமோடு நலமாக வாழ்பவர்களையே மருத்துவ உலகம் பதிவு செய்திருக்கிறது. ஆனால் அந்த ஜோடிகளுக்குக் கரு கலையும் வாய்ப்பு அதிகம். உங்கள் வீட்டில் அப்படி யாருக்கும் இல்லையென்றால் இந்தக் கவலை வேண்டாம்.

கேள்வி: கிரகணத்தில் வெளியே வந்தால், வயிற்றின்மேல் செல்போன் வைத்தால், குரோமோசோம் ஒட்டுமா?
— மொரப்பூர்

பதில்: இரண்டுக்கும் இல்லை. கிரகணத்தில் சூரியனிலிருந்து புதிதாக எதுவும் வருவதில்லை. செல்போன் அலைக்கு டி.என்.ஏவை அறுக்கும் வலு கிடையாது. எக்ஸ்ரேக்கும் சி.டி. ஸ்கேனுக்கும் அந்த வலு உண்டு. அதனால் நாள் தள்ளிப்போயிருந்தால் எக்ஸ்ரே அறைக்குள் போகுமுன் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அம்மா, என் அக்காவுக்கு 13-14 ஒட்டு, 45 என்று போன மாதம் ரிப்போர்ட் வந்தது. அப்பாவுக்கும் அதே. எனக்கு 22 வயது, மாப்பிள்ளை பார்க்கிறார்கள். வெளியே சொன்னால் யாரும் கட்ட மாட்டார்கள் என்று வீட்டில் வாயைத் திறக்க விடவில்லை. நான் சொல்ல வேண்டுமா?
— ராயக்கோட்டை

பதில்: கண்ணு, சொல்வதற்கு உன்னிடம் எதுவும் இருக்கிறதா என்றே இன்னும் தெரியாது. உன் அப்பாவிடமிருந்து ஒட்டிய குரோமோசோம் உனக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், வாய்ப்பு பாதிக்குப் பாதி. முதலில் உன் ரத்தத்தைப் பார்த்துக்கொள். 46 என்று வந்துவிட்டால் உன்னைப் பொறுத்தவரை இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அக்காவின் ரிப்போர்ட் அக்காவுடையது, அதை நீயும் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

45 என்று வந்தால், இருக்கிற ஒட்டுகளிலேயே மிகச் சாதாரணமானது உன்னுடையது என்று தெரிந்துகொள். ராபர்ட்சோனியன் ஒட்டுகளில் நாலில் மூன்று பங்கு 13-14 தான். உன் அப்பா அதோடுதான் உங்களைப் பெற்று வளர்த்திருக்கிறார். 21 இதில் சம்பந்தப்படாததால் டவுன் சிண்ட்ரோம் பயம் இல்லை. 13 மூன்றாகிவிடுகிற குழந்தை உயிரோடு பிறக்கும் வாய்ப்பு மிகக் குறைவு, 100-க்கு 1 கூட இருக்காது. கரு கலைவது மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம் இருக்கலாம்.

அப்படி வந்தால் கட்டிக்கொள்ளப்போகிறவரிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் என் எண்ணம். தரகரிடம் வேண்டாம், பெண் பார்க்க வரும் கூட்டத்திடம் வேண்டாம். பேச்சு உறுதியாகும் தறுவாயில் அவர் ஒருவரிடம், நீயே நேரில் சொல். பின்னால் ஒரு கரு கலைந்து அப்போது இது தெரியவந்தால், மறைத்துக் கட்டினார்கள் என்ற பழியை நீதான் சுமக்க வேண்டியிருக்கும். அவர் கேட்டால் நான் எழுதிய இந்தப் பதிலைக் காட்டு, சந்தேகம் இருந்தால் இருவருமாக மரபியல் ஆலோசகரைப் போய்ப் பாருங்கள்.

ரத்தம் கொடுக்கத் திங்களோ செவ்வாயோ போ. செல் வளர மூன்று நாள் வேண்டும், வாரக் கடைசியில் கொடுத்தால் பல கூடங்களில் பார்க்க ஆள் இருக்காது. இங்கே எடுத்து வெளியூருக்கு அனுப்புவதாக இருந்தால் பச்சை மூடி டியூப்தானா என்று பார்த்துக்கொள், ஐஸில் உறைய விட வேண்டாம் என்று சொல். அக்காவிடமும் அப்பாவிடமும் கேட்டு, அவர்கள் ரிப்போர்ட்டின் நகலை எடுத்துப் போ. எந்த ஒட்டைத் தேட வேண்டும் என்று தெரிந்தால் ஸ்லைடு பார்ப்பவருக்கு வேலை சுலபம், உனக்கும் பதில் தெளிவாகக் கிடைக்கும்.